இரண்டு மடங்கு தூரம்

“சைக்கிள்ல போனா அது யாத்திரையா, பாப்பா?” என்று அம்மா கேட்டபோது நான் மழைச்சட்டையைப் பயணப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. வானொலியில் காலை முழுக்கப் பேசுகிறவளுக்கு வீட்டில் வாய் திறக்காது என்பது எங்கள் குடும்பத்தில் பழைய கேலி.

யாத்திரை போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. இரண்டு வார விடுப்பு. பிரான்சின் தென்மேற்கில் லொட் என்றொரு ஆறு. அதன் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றுதான் சொன்னேன். அந்தப் பக்கமாகப் பழைய யாத்திரைப் பாதை ஒன்று போகிறது என்று வாய்தவறிச் சொன்னதுதான் வினை. அம்மா பிடித்துக்கொண்டார்.

அவருக்குக் காரணம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலைவரை இரவெல்லாம் செருப்பில்லாமல் நடந்தவர் அவர். வலது முட்டி தேய்ந்து, மாற்று மூட்டு வைத்த பிறகு நடை நின்றது. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். “வண்டியில போறதுக்கு வீட்ல டிவியிலயே பாத்துக்கலாம்” என்றார். பத்துமலைக்கு மின்படிக்கட்டு வரப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, “அப்புறம் எதுக்கு மலை?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இரண்டு தைப்பூசம் டிவியில் பார்த்தார். இரண்டு தடவையும் ரதம் கிளம்புகிற நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

ஆக, சைக்கிள் பற்றிய கேள்வி என் சைக்கிளைப் பற்றியதல்ல.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலா இருக்கிறது. நம் கத்தோலிக்க நண்பர்கள் சந்தியாகப்பர் என்று அழைக்கும் புனிதரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. பிரான்சிலிருந்து அங்கே போகும் வழிகளில் மிகவும் பெயர்பெற்றது லெ புய் நகரிலிருந்து கிளம்புவது. 950ஆம் ஆண்டுவாக்கில் அந்த நகரத்து ஆயர் கொதெஸ்கால்க் அங்கிருந்து புறப்பட்டுப் போய்வந்தார். மொத்தம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். அந்தப் பாதை நடுவில் லொட் ஆற்றைத் தொட்டும் விலகியும் போகிறது. நான் ஓட்டியது அதில் ஒரு சிறு துண்டு: கஹோர் நகரிலிருந்து கொங்க் கிராமம்வரை, ஆறு நாள்களில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதுவும் தலைகீழாக. யாத்ரீகர்கள் மேற்கே போகிறார்கள், நான் கிழக்கே ஆற்றை எதிர்த்துப் போனேன். வேண்டுமென்று செய்ததல்ல. சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தது கஹோரில்.

கோலாலம்பூரிலிருந்து பாரிஸ், அங்கே ஆஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் கஹோர். மே மாதம். காலையில் நம் கேமரன் மலைக் குளிர், மதியத்தில் நல்ல வெயில். சைக்கிள் கடைக்காரர் பேட்டரி வைத்த மின்சைக்கிளைக் காட்டி, இதை எடு, இங்கே மேடு அதிகம் என்றார். எனக்கு ரோஷம். சாதாரண சைக்கிளே போதும் என்றேன்.

கஹோரை ஆறு மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்திருக்கிறது. மேற்குப் பக்கம் வலாந்த்ரே பாலம். மூன்று கோபுரங்கள், 1308இல் தொடங்கி 1378இல் முடித்தார்கள். இவ்வளவு தாமதமானால் கதை பிறக்காமல் இருக்குமா? பாலத்தை விரைவாக முடிக்கக் கொத்தனார் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம். நான் சொல்லும் வேலையெல்லாம் செய்தால் என் ஆன்மா உனக்கு. கடைசியில் ஆன்மா போய்விடுமே என்ற பயத்தில், வேலையாட்களுக்கு ஒரு சல்லடையில் தண்ணீர் கொண்டுவா என்றாராம். சாத்தான் தோற்றது. அந்தக் கோபத்தில் இரவுதோறும் நடுக்கோபுரத்தின் மூலைக்கல்லைப் பிடுங்கிப் போட்டதாம். 1879இல் பாலத்தைச் செப்பனிட்ட கட்டடக் கலைஞர் போல் கூ அந்த மூலையில் கல்லைப் பிடுங்கும் ஒரு குட்டிச் சாத்தானையே செதுக்கி வைத்துவிட்டார். கழுத்து வலிக்க நிமிர்ந்து தேடினால் தெரியும்.

கஹோருக்குக் கீழே, ஆறு கரோன் நதியில் கலக்கும் ஏக்கியோன் ஊர்வரை, ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்கு அறிவிப்புப் பலகைகளோடு வி86 என்ற சைக்கிள் வழி உண்டு. மால்பெக் திராட்சைத் தோட்டங்கள் வழியாகப் போவது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே நல்லது. நான் எதிர்ப்பக்கம், ஆற்றுக்கு மேலே போனேன்.

முதல் நாளே ஒன்று புரிந்தது. லொட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். ஆனால் அது நேராகப் போகத் தெரியாத ஆறு. ஒரு வளைவைச் சுற்றி முடித்தால், சற்று முன் பார்த்த அதே தேவாலயக் கூரை மறுகரையில் நிற்கிறது. கால்நடையாகப் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் பழைய யாத்ரீகர்கள் ஆற்றை விட்டுவிட்டு மேலே கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் ஏறி, வெயிலிலும் காற்றிலும் குறுக்கே நடந்தார்கள். ஆற்றோரம் படகுகளுக்கு. ஒரு காலத்தில் ஒயினும் நிலக்கரியும் ஏற்றிய படகுகள் இதில் போயின. எதிர்நீச்சலுக்கு அவற்றைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். பூஸியேஸ் என்ற ஊருக்கு அருகே செங்குத்தான பாறை ஆற்றுக்குள் இறங்குகிறது. இழுப்பவர்கள் நடக்க இடமில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் பாறையின் அடிவயிற்றைக் குடைந்து நடைவழி செய்தார்கள். அந்தக் குடைவில் நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். கூரை தலைக்கு மேலே நெருங்கி வருகிறது. ஒரு பக்கம் ஈரப்பாறை, மறுபக்கம் பச்சைத் தண்ணீர். பழக்க தோஷத்தில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து இரண்டு நிமிடம் பதிவுசெய்தேன். பிறகு கேட்டால், என் மூச்சிரைப்புதான் அதிகம் கேட்கிறது.

சேன்-சீர்-லாபோபி ஆற்றுக்கு மேலே நூறு மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமம். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இங்கே வீடு வாங்கிக் கோடைகளைக் கழித்தார். அழகுதான். ஆனால் எல்லா வாசலிலும் நினைவுப்பொருள் கடை. நான் ஒரு காப்பியோடு இறங்கிவிட்டேன்.

மறுநாள் கப்ரேரே கிராமத்தில் பெஷ் மெர்ல் குகை. இதற்கு மட்டும் முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் விடுகிறார்கள். 1922இல் உள்ளூர்ப் பதின்வயதுப் பையன்கள் இருவர் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தது. லாஸ்கோ குகையை 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். இங்கே இன்னும் அசல் குகைக்குள்ளேயே போகலாம். புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், அவற்றைச் சுற்றி மனிதக் கையின் அச்சுகள். ஏறத்தாழ 29,000 ஆண்டுகள் பழையவை என்கிறார்கள். என்னை நிறுத்தியது ஓவியம் அல்ல. தரையில், கெட்டியாகிப் போன களிமண்ணில், பழங்காலத்துக் காலடித் தடங்கள். சிறியவை. ஒரு பிள்ளையின் கால் என்றார் வழிகாட்டி. ஐந்து விரலும் தெரிகிறது.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். “சுண்ணாம்புக்கல் குகையா? நம்ம பத்துமலை மாதிரியா?” ஆமாம் என்றேன். “உள்ள சாமி இருக்கா?” குதிரை இருக்கிறது என்றேன். “செருப்பு போட்டுக்கிட்டுதான் போனியா?” என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் போனேன்.

கப்ரேரேயிலிருந்து லொட்டை விட்டுவிட்டு அதில் வந்து கலக்கும் செலே என்ற சிற்றாற்றைப் பிடித்தேன். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்தப் பகுதியைத்தான். ஒரே ஒரு சாலை, வண்டி குறைவு, இரண்டு பக்கமும் காவி படிந்த பாறைச் சுவர், கீழே வாதுமைத் தோப்பும் புல்வெளியும். யாத்திரைப் பாதையின் ஒரு கிளை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே கஹோருக்கு வருகிறது; மரங்களில் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கோடுகள்தான் அதற்கு அடையாளம். முதுகுப்பையும் கைத்தடியுமாக நடப்பவர்கள் எனக்கு எதிரே வந்துகொண்டேயிருந்தார்கள். கை காட்டுவார்கள். அவர்களுக்குள் நின்று பேசுகிறார்கள். சைக்கிள்காரியிடம் கை காட்டுவதோடு சரி. மூன்றாம் நாளில் எனக்கு அது உறுத்தத் தொடங்கியது.

அவர்களிடம் ஒரு வித்தை கற்றேன். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடு. பிரெஞ்சுக் கிராமத்தில் கடை மூடியிருக்கும், தேவாலயம் பூட்டியிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்காக ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள்ளலாம். மயானத்துத் தண்ணீரைக் குடித்தேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

மர்ஸிலாக் ஊரில் பாதி இடிந்த மடம் ஒன்று. கூரை போன நடுமண்டபத்தில் புல் முளைத்திருக்கிறது. வடக்கே ரொக்கமதூர் என்ற பெரிய யாத்திரைத் தலம் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் இந்த மடத்துக்குச் சொந்தமாம். கவனிக்காமல் விட்டுவைத்தார்கள்; வேறொரு மடத்தார் போய் உட்கார்ந்துகொண்டார்கள்; பிறகு அங்கே கூட்டம் குவிந்ததும் வழக்கு. நம் ஊர்க் கோயில் நிர்வாகக் கதைகள் தெரிந்தவர்களுக்கு வியப்பாக இராது.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தாக்கில் யாத்ரீகர் விடுதி ஒன்றின் வாசலில் நனைந்து போய் நின்றேன். பொறுப்பாளர் அம்மையார் என் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்து வருகிறவர்களுக்குத்தான் முதலிடம்; ஆறு மணிக்குப் பிறகு கட்டில் மிஞ்சினால் உனக்கு. மணி நான்கரை. இந்த வழியில் பல விடுதிகளில் இதுதான் வழக்கம் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, மழையில் நிற்பது வேறு. மனத்துக்குள் அம்மாவின் குரல்: சைக்கிள்ல போனா அது யாத்திரையா?

வாசல் திண்ணையில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய பிரெஞ்சுப் பாட்டி. அருகில் மின்சைக்கிள். அவரும் ஆறு மணிக்காகக் காத்திருந்தார். அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையுமாகக் கதை தெரிந்துகொண்டேன். லெ புய்யிலிருந்து ஆண்டுக்கு ஒரு வாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்தவர். நடுவில் முட்டி போய்விட்டது. மாற்று மூட்டு வைத்தார்கள். மூன்று ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, இப்போது மின்சைக்கிளில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

“எந்த முட்டி?” என்று கேட்டேன். வலது.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பத்துமலையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். எத்தனை படி என்றார். 272. ரொக்கமதூரில் 216 என்றார். அந்தக் காலத்தில் பாவம் கழிக்க வந்தவர்கள் அதில் முட்டி போட்டு ஏறினார்கள். இப்போது அங்கே மின்தூக்கி இருக்கிறது. சென்ற ஆண்டு மகள் தன்னை அதில் ஏற்றி மேலே கொண்டுபோனாளாம். “மேலே போனதும் வெட்கமாகப் போய்விட்டது. அதனால் இறங்கும்போது படியில் இறங்கினேன். பக்கவாட்டில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி. ஒரு மணி நேரம்.”

மூட்டு மாற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி.

நம் ஊரில் அப்போது இரவு பதினொன்றாகப் போகிறது. அம்மா தூங்கியிருக்க மாட்டார். காணொளியில் அழைத்தேன். பத்திக் கைலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பாட்டி சிறிது நேரம் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து வலது கால்சட்டையை முட்டிக்கு மேலே இழுத்து, அந்த நீளத் தழும்பைக் கைப்பேசிக்கு நேரே காட்டினார். அங்கே அம்மா ஒரு கணம் தயங்கிவிட்டுக் கைலியை விலக்கித் தன்னுடையதைக் காட்டினார். “அவங்களுது என்னுதைவிட நேரா தச்சிருக்கு” என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

அம்மா சைக்கிளைக் காட்டச் சொன்னார். மேட்டில் மட்டும் மோட்டார் போடுவாராம், சமவெளியில் நிறுத்திவிடுவாராம், பேட்டரி தீர்ந்தால் தள்ளுவாராம் என்று விளக்கினேன். சந்தியாகோ தேவாலயத்தில் சான்றிதழ் வாங்கக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200 என்பதையும் சொன்னேன்.

“சைக்கிளுக்கு ரெண்டு மடங்கா?” அம்மா யோசித்தார். “அப்ப காருக்கு எத்தனைன்னு வச்சிருக்காங்க?”

காருக்குக் கிடையாது என்றேன். “ம்” என்றார். சரி என்ற ம்-மா, பார்த்தாயா என்ற ம்-மா, தெரியவில்லை.

ஐந்தரைக்கு நடந்து வந்தவர்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். இளவயதுத் தம்பதி. அந்தப் பெண் வாசலில் காலணியைக் கழற்றியபோது காலுறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. பொறுப்பாளர் அம்மையார் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தார். எனக்குக் கோபம் அத்தோடு போயிற்று. ஆறு மணிக்குக் கட்டில் மிஞ்சியது. இரவு உணவாக அலிகோ கொடுத்தார்கள். உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து நூல் நூலாக இழுபடும்வரை கிண்டுவது. இதன் பிறப்பிடம் கிழக்கே ஓப்ராக் மேட்டுநிலம். இதில் இறைச்சி இல்லை. மற்றபடி இந்தப் பகுதியில் எங்கே திரும்பினாலும் வாத்து.

காலையில் பசியாறிவிட்டுப் பாட்டி மேற்கே போனார், நான் கிழக்கே.

ஃபிஜாக் நகரில் ஒரு நாள் ஓய்வு. எகிப்தியச் சித்திர எழுத்தை 1822இல் படித்துச் சொன்ன ஷம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் இது. ஒரு சிறு முற்றத்தின் தரை முழுக்க ரொசெட்டாக் கல்லின் பிரம்மாண்டப் பிரதியைக் கறுப்புக் கல்லில் பதித்திருக்கிறார்கள். எழுத்தின் மேல் நடக்கலாம். எனக்குக் கால் கூசியது, ஓரமாகவே சுற்றிவந்தேன்.

கடைசி நாள்தான் கடினம். ஃபிஜாக்கிலிருந்து ஒரு குன்றைத் தாண்டினால் மறுபடி லொட் கிடைக்கிறது. ஆற்றோரமாகப் போய், கிரான்-வாப்ர் அருகே தூர்து என்ற சிற்றாற்றின் பக்கம் திரும்ப வேண்டும். அதுவரை சொகுசு. கொங்க் கிராமம் மலைச்சரிவில் இருக்கிறது. யாத்ரீகர்கள் கடக்கும் பழைய கல் பாலத்தைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக எழுகிறது. பாதியில் இறங்கித் தள்ளினேன். கஹோர் கடைக்காரரும் அவருடைய மின்சைக்கிளும் நினைவுக்கு வந்தன.

அஜென் நகரில் இருந்த சிறுமித் தியாகி புனித ஃபுவாவின் எச்சங்களை 9ஆம் நூற்றாண்டில் கொங்க் துறவி ஒருவர் கடத்திவந்ததால் வளர்ந்த தலம் இது. கதையின்படி, அவர் அங்கே பல ஆண்டுகள் நல்ல பிள்ளையாக இருந்து நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டுத் தூக்கிவந்தாராம். தேவாலய வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்புக் காட்சி, 124 உருவங்கள். சொர்க்கப் பகுதியில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். நரகத்தில்தான் விஷயம் இருக்கிறது. பொய் பேசியவன் நாக்கைச் சாத்தான் பிடித்து இழுக்கிறது. ஒலிபரப்புத் துறையில் உள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

உள்ளே 1994இல் ஓவியர் பியர் சூலாஜ் அமைத்த சாளரங்கள். உருவமும் இல்லை, வண்ணமும் இல்லை. பால் போன்ற கண்ணாடியில் சாய்ந்த கறுப்புக் கோடுகள் மட்டும். வெளியே வெயில் இறங்க இறங்க அவை தாமாகவே நீலமாகி, பிறகு ஆரஞ்சாகின. இரவு வழிபாட்டுக்குப் பிறகு வெள்ளை உடைத் துறவிகள் யாத்ரீகர்களை முன்னால் அழைத்து ஆசி வழங்கினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். நான் நடக்கவில்லை, கிறிஸ்தவளும் அல்ல, வந்ததோ எதிர்த்திசை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகும்போது என் முழங்கையைத் தொட்டு வா என்றார். போனேன். எந்த நாடு என்று கேட்டார்கள். மலேசியா என்றேன். எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவை அழைத்து முடித்துவிட்டேன் என்றேன். மொத்தம் எவ்வளவு என்றார். ஏறத்தாழ 150. “அப்ப இன்னும் அம்பது பாக்கி” என்றார். அவர் கணக்கில் கெட்டி.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முன்பு அம்மாவே பேச்சை எடுத்தார். ரதம் ஜாலான் ஈப்போவில் வரும்போது அங்கே போய் நிற்க வேண்டுமாம். காரில்தான். ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் அருகே நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். ரதம் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். ரதம் தாண்டிப் போனதும் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு இறங்கி நடந்தார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் நாற்காலியோடு நான் பின்னால் ஓடினேன்.

எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று பிறகு கேட்டார், நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தபடி. கைப்பேசியைப் பார்த்தேன். 1.3 கிலோமீட்டர்.

“ரெண்டு முன்னு போட்டுக்க” என்றார் அம்மா. “மீதி அடுத்த வருஷம்.”